கடைசி நான்கு பக்கங்கள்

"கடைசி நாலு பக்கம் வேண்டாம் ஆண்டி. அதுல ஒண்ணுமே இல்ல, வெறும் நம்பரும் லிங்கும்தான்."

மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் போட்டோஸ்டாட் கடை வைத்திருக்கிறவளுக்கு இது அன்றாடம் காதில் விழும் பேச்சு. ஒரு பக்கம் அச்செடுக்க 20 சென். பள்ளிக்கூடப் பிள்ளைகள் விக்கிப்பீடியாக் கட்டுரையைக் கைப்பேசியிலிருந்து என் கணினிக்கு அனுப்புவார்கள். மொத்தம் எத்தனை பக்கம் என்று சொன்னதும் முகம் மாறும். எதை வெட்டலாம் என்று யோசிக்கும்போது முதலில் பலியாவது, கட்டுரையின் ஆதாரங்களை எண் போட்டு அடியில் அடுக்கியிருக்கும் மேற்கோள் பட்டியல்தான். உள்ளங்கை அளவு படத்தைக்கூட விடமாட்டார்கள், இதை விட்டுவிடுவார்கள்.

பிள்ளைகள் மேல் எனக்குக் கோபம் இல்லை. கோபமெல்லாம் அந்தப் பட்டியல் இருக்கிற இலட்சணத்தின் மேல். பகலில் கடை, இரவில் தமிழ் விக்கிப்பீடியாவில் எங்கள் வட்டார ரப்பர் தோட்டங்களைப் பற்றி எழுதுவது என்று என் பொழுது போகிறது. எல்பில், டோவன்பி, ஹேவூட், சங்காட் சாலாக் என்று ஒவ்வொரு பெயருக்கும் பின்னால் ஒரு பள்ளிக்கூடம், ஒரு கோயில், இடிந்துபோன லயங்கள் (தொழிலாளர் வரிசை வீடுகள்), ஊரை விட்டுப் போன குடும்பங்கள் இருக்கின்றன. இதையெல்லாம் வாய்மொழியாகக் கேட்டு எழுதிவிட முடியாது. ஒவ்வொரு வரிக்கும் அச்சில் வந்த ஆதாரம் வேண்டும். யார் வீட்டு அலமாரியில் பழைய விழா மலர் இருக்கிறது, யார் நாளேட்டு நறுக்குகளை ஒட்டி வைத்திருக்கிறார் என்று விசாரித்துத் திரிந்து சேர்த்தது கடைசியில் "வெறும் நம்பர்" ஆனால் வயிறு எரியாதா?

என் கட்சி இதுதான். மேற்கோள் பட்டியல் சந்தேகப்படுகிறவருக்காக இருக்கிறது. "இதை யார் சொன்னது, எங்கே சொன்னது?" என்று கேட்கிற ஆள் வந்தால் அவர் தடுமாறாமல் பதிலைக் கண்டுபிடிக்க வேண்டும். எழுத்தளவு, பத்தி (நாளேட்டில்போல அருகருகே நிற்கும் நெடுவரிசை), எண், இணைப்பு எல்லாம் அந்த ஆளின் கண்ணையும் விரலையும் வைத்துத்தான் முடிவாக வேண்டும். இப்போது பல பக்கங்களில் இடத்தை மிச்சம் பிடிப்பதை வைத்து முடிவாகிறது. பட்டியல் நீளமாக இருந்தால் அசிங்கம் என்று யாரோ நினைத்திருக்கிறார்கள். அதனால் எழுத்தைச் சுருக்கு, பத்தியாகப் பிரி, பெட்டிக்குள் அடை என்று போய்விட்டது.

முதலில் அச்சு விஷயம், என் தொழிலாச்சே.

விக்கிப்பீடியா ஓடுவது மீடியாவிக்கி என்ற மென்பொருளில். பக்கத்தை அச்சிடும்போது அது தனியாக ஒரு நடைத்தாளை, அதாவது பக்கம் எப்படித் தெரிய வேண்டும் என்று சொல்லும் விதித் தொகுப்பைப் பயன்படுத்தும். அதில் ஒரு பழைய ஏற்பாடு உண்டு. தாளில் இணைப்பைச் சொடுக்க முடியாதே என்பதற்காக, வெளி இணைப்பின் முழு முகவரியையும் தலைப்புக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் அச்சிட்டுவிடும். நல்ல எண்ணம்தான். ஆங்கில முகவரியாக இருந்தால் ஒரு வரியில் முடிந்துவிடும். தமிழ்ச் செய்தித்தளங்கள் பலவற்றில் முகவரியே தமிழில் இருக்கிறது, அங்கேதான் வம்பு. "மலேசியா" என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். கணினிக்கு அது ஏழு குறியீடுகள்: ம, ல, ஏகாரக் குறி, ச, இகரக் குறி, ய, கால். எழுத்துகளைக் கணினியில் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொன்றும் 3 பைட் பிடிக்கும். முகவரிக்குள் போகும்போது ஒவ்வொரு பைட்டும் ஒரு விழுக்காட்டுக் குறியும் இரண்டு ஆங்கில எழுத்தோ எண்ணோ சேர்ந்த மூன்றிடமாக மாறும். ஆக, நான்கெழுத்து "மலேசியா" 63 இடங்களை அடைத்துக்கொள்கிறது. ஒரு செய்தித் தலைப்பு முழுவதும் இப்படி மாறினால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரே மேற்கோள் அரைப் பக்கம் தின்றதை நான் என் கையால் அச்செடுத்துக் கொடுத்திருக்கிறேன். அந்தப் பையன் என்னைப் பார்த்த பார்வையில், மிஷின் கெட்டுப்போய்விட்டது என்றுதான் நினைத்தான்.

இதைச் சரிசெய்வது பெரிய வித்தை இல்லை. மேற்கோள் பட்டியலுக்குள் மட்டும் முகவரியை அச்சிடாதே என்று அச்சு சிஎஸ்எஸ்ஸில் (நடைத்தாளை எழுதும் மொழி அது) ஒரு விதி எழுதினால் போதும். ஆனால் அதற்கு முன்னால் எழுதுகிறவர் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. தலைப்பு, தளத்தின் பெயர், தேதி எதுவும் இல்லாமல் வெறும் முகவரியை மட்டும் ஒட்டிவிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள். முகவரியே தலைப்பாக நிற்கும்போது எந்த சிஎஸ்எஸ் விதியும் அதை மறைக்காது. திரையில் பார்த்தாலும் அந்த நீள வால் எங்கும் உடையாமல் பக்கத்துப் பத்திக்குள் நுழைந்து அங்கே இருக்கும் எழுத்தின் மேல் ஏறி உட்கார்ந்துகொள்ளும்.

உருட்டிப் பார்க்கும் பெட்டியைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பட்டியலை ஒரு சின்னச் சட்டத்துக்குள் அடைத்து, உள்ளேயே மேலும் கீழும் தள்ளிப் பார்க்கச் சொல்வது. திரையில் கச்சிதமாகத் தெரியும். தாளில் எடுத்தால் பெட்டிக்குள் தெரிகிற நாலு வரியோடு நின்றுவிடும். ஆங்கில விக்கிப்பீடியாவின் நடைக் கையேடு இது கூடாது என்றே சொல்கிறது. சின்ன விக்கிகளில் இன்னமும் யாராவது ஆசையாகச் செய்துவைத்திருப்பார்கள். பார்த்தால் எடுத்துவிடுங்கள், யாரையும் கேட்க வேண்டாம்.

அப்புறம் எழுத்தளவு. பல விக்கிகளில் மேற்கோள் பட்டியலுக்குரிய வார்ப்புரு (முன்பே செய்துவைத்த மாதிரிப் படிவம்) எழுத்தை 90 விழுக்காடாகக் குறைத்துவிடுகிறது. ஆங்கிலத்துக்கு அது தாங்கும். நம் எழுத்துக்குத் தாங்காது. ண, ன இரண்டுக்கும் வேறுபாடு ஒரு சுழிதான். ள, ழ அருகருகே வந்தால் சின்ன எழுத்தில் குழம்பும். எல்லாவற்றையும்விடப் புள்ளி. எங்கள் ஊர்ப்பெயரையே பாருங்கள்: சுங்கை சிப்புட். மூன்று புள்ளிகள் இருக்கின்றன. பழைய கைப்பேசியில், வெயிலில் நின்று பார்த்தால் மூன்றும் காணாமல் போய்விடும். என் கடைக்கு வருகிற ஓய்வுபெற்ற மண்டோர் (தோட்டத்து மேற்பார்வையாளர்) ஒருவர் கட்டுரையைக் கண்ணாடி போட்டுக்கொண்டு நன்றாகவே வாசிப்பார். பட்டியல் வந்ததும் கைப்பேசியை என்னிடம் நீட்டி, "இத நீயே படிச்சிச் சொல்லும்மா" என்பார். கட்டுரையில் எழுதியிருப்பதைத் தட்டிக் கேட்கக்கூடிய ஒரே ஆள் அவர்தான், ஏனென்றால் அந்தத் தோட்டத்தில் வேலை செய்தவர். அவருக்கே பட்டியல் எட்டவில்லை.

பத்தி பிரிப்பதும் இதே கதைதான். முன்பெல்லாம் வார்ப்புருவில் 2 என்றோ 3 என்றோ எண்ணைப் போட்டுவிடுவார்கள். திரை எவ்வளவு அகலமானாலும் சரி, குறுகலானாலும் சரி, பட்டியல் அத்தனை பத்தியாகவே உடையும். இப்போது மீடியாவிக்கியே கொஞ்சம் புத்திசாலித்தனமாகச் செய்கிறது. பட்டியலில் பத்துக்கு மேல் மேற்கோள் இருந்தால், ஒரு பத்தியின் அகலம் 30 எம் என்று வைத்துக்கொண்டு, திரையில் எத்தனை பத்தி கொள்ளுமோ அத்தனையாகப் பிரிக்கும். எம் என்பது எழுத்தளவை ஒட்டிக் கூடிக் குறைகிற அளவு. கைப்பேசியில் தானாகவே ஒரு பத்தியாகிவிடும். எண்ணைக் கொடுப்பதைவிட அகலத்தைக் கொடுப்பது எவ்வளவோ மேல்.

ஆனால் அந்த 30 தமிழுக்குக் காணாது. நம் எழுத்துகள் அகலம், சொற்கள் நீளம். "நாடாளுமன்றத் தொகுதியிலிருந்து" என்று எழுதினால் அந்தக் குறுகிய பத்தியில் பாதி வரி போய்விடும். வரி ஓரத்தில் சொல்லை உடைக்கவும் மாட்டார்கள், அதனால் அடுத்த வரிக்குத் தள்ளி, வலப்பக்கம் ஓட்டை ஓட்டையாக நிற்கும். எங்கள் ஊர்த் தொகுதியில் 1974 முதல் 2008 வரை ச. சாமிவேலு, அதன் பிறகு மைக்கேல் ஜெயகுமார் தேவராஜ் என்று தேர்தல் முடிவுகளை அட்டவணையாகப் போட்டால், வரிசைக்கு வரிசை ஒரு மேற்கோள் வரும். அந்தப் பட்டியலை 30 எம் பத்தியில் பார்த்தால் கண் வலிக்கும். என் கணக்கின் காமன் டாட் சிஎஸ்எஸ் பக்கத்தில் நான் 40 எம் என்று மாற்றி, எழுத்தை 100 விழுக்காடாக்கி, ஒரு மேற்கோள் பாதியில் உடைந்து அடுத்த பத்திக்குப் போகக்கூடாது என்றும் ஒரு விதி சேர்த்திருக்கிறேன். பயனர் கணக்கு உள்ள யாரும் தங்களுக்கு மட்டும் இப்படிச் செய்துகொள்ளலாம். எல்லாருக்கும் மாற வேண்டுமென்றால் இடைமுக நிருவாகிகள் கை வைக்க வேண்டும். தளம் முழுவதற்குமான சிஎஸ்எஸ்ஸைத் தொடும் உரிமை 2018இலிருந்து அவர்களுக்குத்தான். ஆலமரத்தடி என்ற தமிழ் விக்கிப்பீடியாவின் பொது உரையாடல் பக்கத்தில் பேசி, இணக்கம் வந்த பிறகு கேட்பதுதான் முறை.

இதெல்லாம் மேல்பூச்சு. உண்மையான தலைவலி ஒரே ஆதாரம் திரும்பத் திரும்ப வரும்போது.

தோட்டத்து வரலாற்றுக்கு எங்களுக்குக் கிடைப்பது பெரும்பாலும் மலர்கள். பள்ளிக்கூடத்துப் பொன்விழா மலர், கோயில் கும்பாபிஷேக மலர், சங்கத்து ஆண்டுவிழா மலர். முதல் இருபது பக்கம் வாழ்த்துரை, கடைசி இருபது பக்கம் விளம்பரம், நடுவில் தங்கம். பள்ளி தொடங்கிய கதை 14ஆம் பக்கத்தில், தலைமையாசிரியர்கள் வரிசை 22ஆம் பக்கத்தில், தொழிலாளர்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொண்ட ஆயா கொட்டகை இருந்த இடம் 31ஆம் பக்கத்தில் ஒரு படத்துக்குக் கீழே. ஒரே மலரை வெவ்வேறு பக்கம் காட்டி மேற்கோளாகப் போட்டால், பட்டியலில் அந்த மலரின் முழுப்பெயர், வெளியிட்டவர், ஊர், ஆண்டு எல்லாம் ஒவ்வொரு முறையும் அச்சு அசலாக வந்து நிற்கும். மாறுவது பக்க எண் மட்டும். வாசிக்கிறவர் கண்ணுக்கு நிறைய ஆதாரம் இருப்பதுபோலத் தெரியும். உண்மையில் இருப்பது ஒன்று. இதை நான் வெறும் அழகுப் பிரச்சினையாகப் பார்க்கவில்லை. ஒரே மலரை வைத்து எழுதிய கட்டுரை, பத்து நூலை அலசி எழுதிய கட்டுரை மாதிரி வேடம் போடுகிறது.

பக்க எண்ணையே விட்டுவிட்டு மேற்கோளுக்கு ஒரு பெயர் வைத்து அதையே எல்லா இடத்திலும் போட்டால் பட்டியல் சுருங்கும். கீழே ஒரு வரி, அதன் தொடக்கத்தில் மேலே திரும்பிப் போவதற்கான சின்னச் சின்ன மீள்சுட்டுகள். ஆனால் சந்தேகப்படுகிறவர் முழு மலரையும் புரட்ட வேண்டியதாகிவிடும்.

இதற்குக் காலங்காலமாக இரண்டு ஒட்டு வைத்தியம் உண்டு. ஒன்று, பக்க எண்ணைக் கட்டுரைக்குள்ளேயே மேற்கோள் எண்ணுக்குப் பக்கத்தில் போடும் ஆர்பி வார்ப்புரு. சதுர அடைப்புக்குள் 3, பிறகு முக்காற்புள்ளி, பிறகு 14 என்று வரும். மண்டோர் ஐயா அதைப் பார்த்துவிட்டு, "என்னம்மா, மூணு பதினாலுக்கு என்ன நடந்துச்சு?" என்று கேட்டார். நேரம் என்று நினைத்திருக்கிறார். அவர் நினைத்ததில் தப்பே இல்லை, எனக்கும் அப்படித்தான் தெரிகிறது. மற்றொன்று, எஸ்எஃப்என் என்ற குறுமேற்கோள் முறை. அடிக்குறிப்பில் ஆசிரியர் பெயர், ஆண்டு, பக்கம் மட்டும் வரும், அதைச் சொடுக்கினால் கீழே தனியாக இருக்கும் நூற்பட்டியலுக்குப் போகும். ஆய்வு நூல்களை வைத்து எழுதுகிறவர்களுக்கு மிக நேர்த்தியான முறை. எங்கள் மலர்களுக்குத்தான் ஒத்துவரவில்லை. மலருக்கு ஆசிரியர் யார்? "மலர்க் குழு" என்று போட்டால் பட்டியல் முழுவதும் மலர்க் குழுக்களாக நிற்கும், எந்தப் பள்ளி எந்தக் கோயில் என்று தெரியாது. போதாக்குறைக்குக் கைப்பேசியில் இரண்டு முறை தாவ வேண்டும். முதல் தாவலிலேயே பாதிப் பேர் எங்கே இருந்து வந்தோம் என்பதை மறந்துவிடுவார்கள்.

இப்போது விக்கிமீடியா ஜெர்மனியின் தொழில்நுட்பக் குழு துணைமேற்கோள் என்ற வசதியை உருவாக்கியிருக்கிறது. நூலை ஒரு முறை பெயரிட்டுக் கொடுத்துவிடலாம். அதன் பிறகு ஒவ்வொரு இடத்திலும் அந்தப் பெயரையும், கூடவே டீட்டெயில்ஸ் என்ற பண்பில் பக்க எண்ணையும் மட்டும் கொடுத்தால் போதும். பட்டியலில் மலர் ஒரே முறை முழு விவரத்தோடு வரும், அதன் கீழே சற்று உள்தள்ளி 14ஆம் பக்கம், 22ஆம் பக்கம், 31ஆம் பக்கம் என்று வரிசையாக வரும். எண்கள் 3.1, 3.2 என்று கிளைக்கும். நான் இத்தனை நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தது இதைத்தான். பார்த்த மாத்திரத்தில் இந்தக் கட்டுரை எத்தனை ஆதாரத்தின் மேல் நிற்கிறது, எது மேல் அதிகம் சாய்ந்திருக்கிறது என்று தெரிந்துவிடும். பக்க எண் என்றுகூட இல்லை, "31ஆம் பக்கத்துப் படக்குறிப்பு" என்று எழுதலாம். பக்க எண்ணே போடாத மலர்கள் உண்டு, தலைமையாசிரியர் உரைக்கு அடுத்த பக்கம் என்றுகூட எழுதிவைக்கலாம். யாரும் தடுக்கப் போவதில்லை.

எங்கள் ஊரைப் பற்றி எழுதும்போது எல்லாரும் வந்து நிற்கிற வாக்கியம் ஒன்று இருக்கிறது. 1948 ஜூன் 16 அன்று எல்பில் தோட்டத்தில் ஆர்தர் வாக்கரும், பின் சூன் தோட்டத்தில் ஜான் அலிசனும் இயன் கிறிஸ்டியனும் என்று மூன்று ஐரோப்பியத் தோட்ட நிர்வாகிகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதையடுத்து மலாயாவில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டு 1960 வரை நீடித்தது. இந்த ஒரு தகவலுக்கு ஆளாளுக்கு வந்து ஆளுக்கொரு மேற்கோளைச் செருகிவிட்டுப் போவார்கள். வாக்கியத்தின் முடிவில் எண்கள் ரயில் பெட்டிபோல நீண்டுகொண்டே போகும். கைப்பேசியில் மேற்கோள் எண்ணைத் தட்டினால் திரையின் அடியிலிருந்து ஒரு சின்னத் தட்டு எழும்பி அந்த மேற்கோளை மட்டும் காட்டும், நல்ல வசதி. ஆனால் ரப்பர் மரம் வெட்டிக் காய்த்துப்போன விரலால் ஐந்து எண்கள் நெருக்கியடித்து நிற்கிற இடத்தில் இரண்டாவதைத் தட்டச் சொல்லுங்கள் பார்ப்போம். நாலாவது திறக்கும்.

இங்கே நான் செய்வது, எல்லாவற்றையும் ஒரே அடிக்குறிப்புக்குள் கட்டுவது. எல்பில் பற்றி இந்தச் செய்தி, பின் சூன் பற்றி இந்த நூல், அறிவிப்பு நாளுக்கு இது என்று அடிக்குறிப்புக்குள்ளேயே வரி வரியாக எழுதிவிடுகிறேன். மேலே ஒரு எண்தான் தெரியும். எந்த ஆதாரம் எந்தத் துண்டைத் தாங்குகிறது என்பதும் விளங்கும். அப்படிக் கட்டும்போது ஒரு சங்கதி தெரியவரும்: பாதி மேற்கோள்கள் ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதியவை. அவற்றைத் தயங்காமல் தூக்கிவிடலாம்.

விளக்கக் குறிப்புகளைத் தனிக் குழுவாகப் பிரிப்பதும் நல்லது. ஏக்கரை எக்டராக மாற்றிய கணக்கு, தோட்டம் கைமாறியபோது பெயர் மாறிய விவரம் இதெல்லாம் ஆதாரம் அல்ல, விளக்கம். மேற்கோள் போடப் பயன்படும் ரெஃப் குறிச்சொல்லில் குரூப் என்று ஒரு பண்பு இருக்கிறது, அதைக் கொடுத்தால் இரண்டு பட்டியலாகிவிடும். "குறிப்பு" என்று குழுப்பெயர் வைத்தால் கட்டுரைக்குள் ஒவ்வொரு முறையும் அந்தச் சொல்லும் எண்ணும் சேர்ந்து வரும், கொஞ்சம் இடம் பிடிக்கும். "கு" என்று சுருக்கிக்கொள்ளலாம்.

அடுத்து, நீலமும் கறுப்பும்.

இணைப்புள்ள மேற்கோள் நீலமாகத் தெரியும், பக்கத்தில் சின்ன அம்புக்குறி, பிடிஎஃப் என்றால் அதற்கொரு படம். இணைப்பில்லாத மேற்கோள் கறுப்பாக, அலங்காரம் எதுவும் இல்லாமல் நிற்கும். பிள்ளைகள் கறுப்பைப் பார்த்தால் அது ஏதோ கதை என்று தாண்டிப் போகிறார்கள். சிங்கப்பூர் தேசிய நூலக வாரியம் நியூஸ்பேப்பர்எஸ்ஜி என்ற தளத்தில் பழைய ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ் இதழ்களையும், 1935இல் தொடங்கிய தமிழ் முரசின் பழைய இதழ்களையும் மின்வடிவில் வைத்திருக்கிறது. கும்பிட்டுக்கொள்ள வேண்டிய வேலை. அதனால் எங்கள் தோட்டத்தைப் பற்றி சிங்கப்பூர் நாளேடு எழுதியது நீலமாக ஜொலிக்கிறது. 1924இல் கோலாலம்பூரில் தொடங்கி 2019இல் நின்றுபோன தமிழ் நேசன் எழுதியது, ஒருவர் வீட்டு நோட்டுப் புத்தகத்தில் ஒட்டிய நறுக்காக என் கைக்கு வருகிறது. தேதியும் பக்கமும் தெளிவாக இருந்தாலும் பட்டியலில் அது கறுப்பு.

காகிதம் ஒன்றும் இணைப்புக்குத் தாழ்ந்ததில்லை. இணையத்தில் இருக்கிறதே என்று நம்பிப் போட்ட மலேசியச் செய்தித்தளங்கள் எத்தனை காணாமல் போய்விட்டன! தி மலேசியன் இன்சைடர் 2016இல் மூடப்பட்டது. அதை மேற்கோள் காட்டிய கட்டுரைகளில் நீலம் நீலமாகவே இருக்கிறது, தட்டினால் ஒன்றுமில்லை. காப்பகப் பிரதி இருந்தால் பிழைத்தோம். வார்ப்புருவில் காப்பக முகவரியோடு, மூல இணைப்பு உயிரோடு இருக்கிறதா செத்துவிட்டதா என்று சொல்லும் ஒரு இடமும் உண்டு. செத்துவிட்டது என்று குறித்தால் தலைப்பைத் தட்டும்போது காப்பகப் பிரதி திறக்கும், உயிரோடு இருக்கிறது என்று குறித்தால் மூலம் திறக்கும். பலர் காப்பக முகவரியைச் சேர்த்துவிட்டு இதைக் குறிக்காமல் விடுவதில்லை, ஆனால் தப்பாகக் குறித்துவிடுகிறார்கள். வாசகர் தலைப்பைத்தான் தட்டுவார், ஓரத்தில் இருக்கும் "காப்பகம்" என்ற சொல்லைத் தேடிப் போக மாட்டார்.

கறுப்பு மேற்கோளுக்கு நான் செய்கிற உபகாரம், நறுக்கில் உள்ள முக்கியமான ஒரு வரியை அப்படியே மேற்கோளுக்குள் எடுத்துப் போடுவது. வார்ப்புருவில் அதற்கு இடம் இருக்கிறது. பட்டியல் நீளும்தான். நீளட்டும். மூலத்தைக் கண்ணால் பார்க்க வழியில்லாத வாசகருக்கு அந்த ஒரு வரியாவது போய்ச் சேரும்.

சிவப்பு என்று ஒரு நிறமும் இருக்கிறது, அதை மலேசியர்கள் நாங்கள்தான் அதிகம் உற்பத்தி செய்கிறோம் என்று நினைக்கிறேன். மலாய் நாளேட்டிலிருந்து தேதியை அப்படியே நகலெடுத்து ஒட்டுகிறோம். மலாயில் மார்ச்சுக்கு மாச், ஆகஸ்டுக்கு ஓகோஸ், டிசம்பருக்கு டிசெம்பர், எழுத்துக்கூட்டல் ஆங்கிலத்திலிருந்து மாறுபடும். வார்ப்புருவுக்கு அந்தப் பெயர்கள் புரியாது. தேதியைச் சரிபார் என்று மேற்கோளின் வாலில் சிவப்பு எழுத்தில் எச்சரிக்கை தொங்கவிட்டுவிடும், அதுவும் பெரும்பாலும் ஆங்கிலத்தில். தமிழ்க் கட்டுரையின் அடியில் சிவப்பு ஆங்கிலம் வரிசையாக நின்றால் வாசகர் என்ன நினைப்பார்? ஆதாரம் பொய் என்று நினைப்பார். தேதி எழுத்துக்கூட்டல் என்று அவருக்கு யார் சொல்வது?

பெயர் விவகாரம் இதைவிடக் கொடுமை. வார்ப்புரு முதற்பெயர், குடும்பப்பெயர் என்று இரண்டு கட்டம் கொடுக்கும். நமக்குக் குடும்பப்பெயர் ஏது? அடையாள அட்டையில் இருக்கும் பெயரைப் பிரித்துப் போட்டால் அப்பா பெயர் முன்னால் வந்து, கமா வந்து, பிறகு எழுதியவர் பெயரும் அதன் வாலில் மகன், மகள் என்பதற்கு மலாயில் சுருக்கிப் போடும் ஏ/எல் அல்லது ஏ/பி என்பதும் தொங்கும். கட்டுரை எழுதிய அம்மாவை விட்டுவிட்டு அவருடைய அப்பாவுக்குப் பெருமை சேர்த்த மாதிரி ஆகிவிடும். இரண்டு கட்டத்தையும் விட்டுவிட்டு, ஆசிரியர் என்ற ஒற்றைக் கட்டத்தில் முழுப்பெயரையும் நூலில் இருக்கிறபடியே எழுதுங்கள். அதற்கு வார்ப்புருவே இடம் கொடுக்கிறது.

கடைசியாக ஒரு வழக்கு, இன்னும் முடியவில்லை. ஒரே மேற்கோளைப் பல இடத்தில் பயன்படுத்தினால் பட்டியலில் வருகிற மீள்சுட்டுகளைச் சொன்னேன் அல்லவா, மீடியாவிக்கி வெகுகாலமாக அவற்றை 1.0, 1.1, 1.2 என்றே காட்டிவந்தது. துணைமேற்கோளும் 1.1, 1.2 என்று எண் போடுகிறது. இரண்டும் ஒரே பட்டியலில் வந்தால் யாருக்கும் தலைகால் புரியாது. ஆகவே மீள்சுட்டுக்கு எண்ணை விட்டுவிட்டு எழுத்து வைக்க வேண்டும் என்பதில் எனக்கும், கெடாவிலிருந்து தொகுக்கும் நண்பருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. எந்த எழுத்து என்பதில்தான் முட்டிக்கொண்டோம். ஏ, பி, சி போதும், ஆங்கில விக்கிப்பீடியாவில் பார்த்துப் பழகியது, கண்ணுக்குச் சின்னதாகவும் இருக்கும் என்கிறார் அவர். தமிழ்ப் பட்டியலில் அ, ஆ, இ என்று வரட்டும், அந்தந்த விக்கி தன் வரிசையை வைத்துக்கொள்ள மென்பொருளே அனுமதிக்கிறதே என்கிறேன் நான். "ஔ வரைக்கும் பன்னிரண்டுதான் அக்கா இருக்கு, பதிமூணாவது இடத்துக்கு என்ன பண்ணுவீங்க?" என்று மடக்கினார். க, ங, ச என்று போகலாம் என்றேன். ங-வைப் பார்த்தால் யாருக்கும் அது வரிசை என்றே தோன்றாது என்கிறார். பன்னிரண்டு இடத்துக்கு மேல் ஒரே மேற்கோளைப் பயன்படுத்துகிறவர் வேறு ஆதாரம் தேடட்டும் என்று பதில் எழுதி வைத்திருக்கிறேன், இன்னும் அனுப்பவில்லை. பொன்விழா மலரை நான் எத்தனை இடத்தில் பயன்படுத்தியிருக்கிறேன் என்று அவர் எண்ணிப் பார்த்துவிடுவார்.